இரண்டாவது தண்ணீர்

அத்தியாயம் 17

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சிசிலிக்கு நெஞ்சு குறுகுறுத்ததோடு ரொட்டியும் கருகியது.

அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியே கீழே தெரிந்த பணிய லயத்து வீட்டு வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றால் வேறு என்ன ஆகும்? கருகியதையெல்லாம் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு, நல்லதாக இரண்டைக் கணவரிடம் நீட்டினாள். சம்பலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே விழுந்தது.

ஜோர்ஜ் தட்டைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"என்ன சிசிலி, இன்னைக்கு எனக்குப் பொறந்த நாளா?"

"பேசாம சாப்பிடுங்க."

தேயிலை பெக்டரியில் இத்தனை வருடம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தவர் ஜோர்ஜ். சத்தமில்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர் கவனிக்க மாட்டார் என்று சிசிலிக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பது சாயங்காலம் தெரியும்.

போன வாரம் இந்த வீட்டுப் பக்கம் வராதவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

ஊத்துமலைத் தோட்டத்து மரியாயின் சேனைக்கு சிசிலிதான் தலைவி. வாரம் ஒரு முறை கோயிலில் கூடி ஜெபமாலை சொல்லி, நோயில் கிடப்பவர்களையும் பூசைக்கு வராமல் டிமிக்கி கொடுப்பவர்களையும் இருவர் இருவராகப் போய்ப் பார்த்து, அடுத்த வாரம் எழுந்து நின்று செய்த வேலையைச் சொல்லுகிற பெண்கள் சபை அது. ஹட்டனிலிருந்து பாதர் மாதம் ஒரு முறைதான் பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் அந்தச் சின்னக் கோயிலில் விளக்கு எரிகிறதென்றால் அதற்கு இந்தப் பெண்கள்தான் காரணம்.

அப்பேர்ப்பட்ட தலைவியின் மகன் ஜெரோஷன், பணிய லயத்து வீரம்மாவின் மகள் தனுஜாவை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். வீரம்மா வீட்டில் மாரியம்மனைக் கேட்காமல் உலை வைக்க மாட்டார்கள். தீமிதியில் முதல் ஆளாக இறங்குகிறவள் வீரம்மா. "சேனைத் தலைவி வீட்லயே இப்படியா?" என்று மலை முழுக்கப் பேச்சு. சிசிலி அழுதாள், சண்டை போட்டாள், சோறு தின்னாமல் கிடந்தாள். பிறகு பதிவு நாளன்று எல்லோர் முன்னிலையிலும் தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"பொறக்கப் போற புள்ளைக்கு எந்தச் சாமின்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க. ஒன்னையக் கேக்காம நான் ஒரு சொட்டுத் தண்ணிகூடத் தெளிக்க மாட்டேன் தாயி."

அந்த வாக்கை நம்பித்தான் தனுஜா மாமியாரோடு ஒட்டிக்கொண்டாள். ஜெரோஷன் கொழும்பில் துணிக்கடை வேலைக்குத் திரும்பிப் போன பிறகும் அவள் மேட்டு லயத்தில் மாமியாரோடுதான் இருந்தாள். பெற்ற தாயிடம் சொல்லாததையும் இவளிடம் சொன்னாள்.

குழந்தை நாள் முந்திப் பிறந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில், பெண் குழந்தை. மறுநாள் மூச்சு விடச் சிரமப்பட்டு உதடு நீலம் பாரித்தது. தாயையும் பிள்ளையையும் கண்டிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் தனுஜாவைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தாதி ஒரு நிமிடம் சிசிலியைப் பிள்ளையின் அருகில் நிற்கச் சொல்லி, "பயவெண்ட எபா, அம்மா" என்று, பயப்பட வேண்டாமென்று சிங்களத்தில் தைரியம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

அந்த ஒரு நிமிடத்தில்தான் சிசிலி வாக்கை மீறினாள். கட்டிலருகில் இருந்த ஆறிய சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, குழந்தையின் நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். வேண்டுமென்று துரோகம் செய்யவில்லை. பிள்ளை போய்விடும் என்றுதான் நினைத்தாள்.

பிள்ளை போகவில்லை. கண்டியில் பிழைத்து, தேறி, மூன்று நாளைக்கு முன்பு வீரம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்து, லயமே அதிரும்படி அழுதுகொண்டிருக்கிறது. "எங்க மாரியாத்தா காப்பாத்தினா" என்கிறாள் வீரம்மா. "மாதா கைவிடல" என்கிறாள் சிசிலி. இரண்டு சம்பந்திகளும் அதற்காகச் சண்டை போட்டு, பிறகு ஒரே போத்தல் கிரைப் வாட்டரைப் பாதிப் பாதியாக வாங்கிக் கொடுத்தார்கள்.

எல்லாம் சரிதான். தனுஜாவிடம் மட்டும் சிசிலி இன்னும் சொல்லவில்லை. முதல் நாள் பிள்ளை இருந்த நிலையில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் தாய் இருந்த நிலையில் முடியவில்லை. அதற்கடுத்த நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்பதற்காக முடியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ஷாமிலா உள்ளே வந்தாள். சிசிலியின் மகள். பாலர் பாடசாலையில் டீச்சர், சேனையின் செயலாளர், வீட்டின் உளவுத்துறை, எல்லாம் அவளேதான். அண்ணிக்குப் பத்தியக் கறி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள்.

"அம்மா, அண்ணி ஒங்களை இன்னைக்கு வரச் சொன்னாங்க."

"தெனமும்தானே போறேன்?"

"இன்னைக்குத் தனியா வரணுமாம். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சிசிலியின் கையிலிருந்த ரொட்டி தட்டுக்குத் திரும்பியது.

"என்ன சொல்லணுமாம்?"

"கேட்டேன், சொல்லல. மொகம் ஒரு மாதிரி இருந்துச்சும்மா."

தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். தாதி பார்த்திருப்பாள், அல்லது பக்கத்துக் கட்டில்காரி. மருமகள் போய்விடுவாளோ, பேத்தியைக் காட்டமாட்டாளோ என்றெல்லாம்கூட சிசிலி பயப்படவில்லை. அத்தை என்று கூப்பிடும்போது அந்தப் பெண்ணின் குரலில் ஒரு நிம்மதி இருக்குமே, அது இனிமேல் இருக்காது என்பதுதான் அவளுக்குப் பயம்.

ஜோர்ஜ் சம்பலை வழித்துத் தின்றுகொண்டே, "கூட்டம் முடிஞ்சு போயிட்டு வா. மழைக்கு முந்திப் போ" என்றார்.

● ● ●

கோயில் பலிபீடத்துக்குக் கீழே சின்ன மேசை. வெள்ளைத் துணி, மாதா சுரூபம், இரண்டு மெழுகுதிரி, இரண்டு பூச்சாடி. சாடிகளில் துரை பங்களா வேலியிலிருந்து கேட்காமல் பறித்து வந்த ஹைட்ரேஞ்சியா. மாதாவுக்கென்று பறித்தால் களவு இல்லை என்பது சேனையில் எழுதப்படாத சட்டம்.

மறுநாள் மாதப் பூசை என்பதால் பாதர் நிரோஷன் இன்றே வந்திருந்தார். வயதில் ஜெரோஷனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் உட்காரும்போது பெண்கள் எல்லோரும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

ஜெபமாலை முடிந்தது. சேனையின் கைநூல் வாசிப்பு முடிந்தது. வேலை அறிக்கை தொடங்கியது.

"போன வாரம் நானும் தனுஷிகாவும் மூணாம் லயத்து வீட்டுக்குப் போனோம்" என்று எழுந்து நின்றாள் மரியபுஷ்பம். "வெளியில பூட்டு தொங்குச்சு. உள்ளுக்கு டிவி ஓடுச்சு. நாங்க வாசல்லயே நின்னு முழு ஜெபமாலையும் சத்தமாச் சொன்னோம் பாதர். கடைசி பத்து மணி, அஞ்சாவது காரணிக்கத்துல டிவியை நிப்பாட்டிட்டாங்க."

பாதர் இருமுவது போலச் சிரித்தார்.

"அடுத்தது தலைவி சகோதரியின் அறிக்கை" என்றாள் ஷாமிலா. கூட்டத்தில் அம்மா கிடையாது, மகள் கிடையாது.

சிசிலி எழுந்தாள். நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினாள். போன வாரமும் அப்படித்தான் தப்பித்தாள். ஆனால் மேசைமேல் நின்ற மாதா இன்று அவளையே பார்ப்பது போல இருந்தது. சுரூபத்தை இன்று ஷாமிலா கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டாள் என்பதுதான் உண்மைக் காரணம். சிசிலிக்கு அது தெரியாது.

"சாகக் கிடந்த ஒரு குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் குடுத்தேன்" என்றாள்.

மழைக்கு முந்திய காற்று தகரக் கூரையில் உரசிக்கொண்டு போனது. அந்தக் குழந்தை எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஷாமிலாவின் பேனா நின்றுவிட்டது.

பாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி நெத்தியில ஓடுச்சாம்மா?"

"ஓடுச்சு பாதர். ஏற்கெனவே நெத்தியும் முடியும் ஈரமாத்தான் இருந்துச்சு, வேர்வையில. அதுக்கு மேல நல்லாவே ஊத்துனேன்."

"வார்த்தை?"

"ஒரு எழுத்துப் பிசகல."

"தாய்க்குத் தெரியுமா?"

இதற்கு மட்டும் தலைவி மாதா சுரூபத்தின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் ஜெபமாலை மணிகளை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதானே பாதர் எங்க வீட்ல வச்சு அன்னைக்குச் சொன்னீங்க?" என்றாள் சிசிலி. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அவளுக்குக் குரல் உயரும். "உயிர் போற நேரத்துல யாரும் குடுக்கலாம்னு?"

சொல்லியிருந்தார்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஜோர்ஜ் வீட்டு முறை வந்தபோது. அக்கம்பக்கத்து வேதக்காரக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, வேதாகமம் வாசித்துப் பேசுகிற அன்பியக் கூட்டம். பேசுகிற கூட்டம் என்பதைவிட, வாதாடுகிற கூட்டம் என்றால் பொருந்தும். அன்று பேச்சு ஞானஸ்நானத்தில் வந்து நின்றது. ஜோர்ஜ் ஒரு வாளியையும் குவளையையும் கொண்டுவந்து வைத்து, எப்படி ஊற்றுவது, என்ன சொல்வது, பேரை எந்த இடத்தில் சொல்வது என்று செய்தே காட்டினார். பிள்ளைக்குப் பதிலாக ஒரு பூசணிக்காய் ஞானஸ்நானம் வாங்கியது.

தேநீருக்கும் வாதத்துக்குமாகவே தவறாமல் வருகிற பக்கத்து வீட்டு சோலைமலை, "அப்ப முருகனைக் கும்பிடுற நான் ஊத்துனாலும் செல்லுமா பாதர்?" என்று கேட்டார்.

"திருச்சபை என்ன நெனச்சு ஊத்துதோ, அதையே மனசுல நெனச்சு ஊத்துனா செல்லும். ஒரு அவசரத்துக்கு, யார் ஊத்துனாலும்" என்று பாதர் சொன்னார்.

"அப்ப எனக்கும் ஒரு போத்தல் தண்ணி குடுத்து வைங்க!" என்றார் சோலைமலை. எல்லோரும் சிரித்தார்கள். நிறைவயிற்றோடு தேநீர்த் தட்டை ஏந்தி நின்ற தனுஜாவும் சிரித்தாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஊத்துனது தப்புன்னு நான் சொல்லலம்மா" என்றார் பாதர். மெல்லிய குரல்தான். "அந்த நேரத்துல வேற யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. ஊத்தினதச் சொல்லாம விட்டீங்களே, அதைத்தான் சொல்றேன். நாளைக்குப் பூசை முடிஞ்சு பேத்தியப் பாக்க வர்றேன். வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்க வராது. அதுக்கு முந்தி அந்தப் பொண்ணு ஒங்க வாயால கேக்கணும்."

"இன்னைக்கே சொல்லிர்றேன் பாதர்."

"நல்லது. இருங்க, ஜெபம் சொல்லி முடிப்போம்."

சேனையில் பேசியது சேனையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. இந்தப் பெண்கள் விதியை மீறமாட்டார்கள். ஆனால் மரியபுஷ்பம் வாயைத் திறக்காமல் லயத்து வாசலில் ஒரு முறை பெருமூச்சு விட்டால் போதும், மீதியை லயமே கண்டுபிடித்துவிடும். சிசிலிக்கு அது நன்றாகத் தெரியும். முடிவுப் பாட்டுக்குக்கூட நிற்காமல் அவள் வெளியே வந்தாள்.

ஷாமிலா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அம்மா, நில்லுங்க. நானும் வர்றேன். ரெண்டு பேராத்தானே போகணும், அதுதானே விதி?"

"அது சேனை வேலைக்கு. இது என் வேலை."

"அண்ணி அழுதாங்கன்னா?"

"அழுவா. நானும் அழுவேன். நீ வந்தா மூணு பேரு அழுவோம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போயி அப்பாவுக்குத் தேத்தண்ணி வை."

● ● ●

ஆனால் அப்பா வீட்டில் இல்லை. பீலிக்கரைத் திருப்பத்தில், தண்ணீர் கொட்டுகிற குழாய்க்குப் பக்கத்தில், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை இன்னும் வரவில்லை.

"எதுக்கு இங்க நிக்கிறீங்க?"

"ஒனக்குத்தான். வீரம்மா வீட்டு வாசல் வரைக்கும் வர்றேன். உள்ளுக்கு நீ மட்டும் போ."

சிசிலி நின்றாள். "என்ன விஷயம்னு தெரியுமா ஒங்களுக்கு?"

ஜோர்ஜ் குடையை அவள் பக்கம் சாய்த்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ வெளிய வந்தப்பவே தெரியும். முந்தானை நனைஞ்சிருந்துச்சு. போத்தல்ல பாதித் தண்ணி கொறைஞ்சிருந்துச்சு. கண்டிக்குப் போற வழியெல்லாம் நீ முன்னால போற ஆம்புலன்ஸையே பாத்துக்கிட்டு வந்த, ஆனா அழுகல. அப்பவே நெனச்சேன்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். தெனமும் எனக்கு நல்ல ரொட்டியாப் போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்த. நானும் தின்னுக்கிட்டே இருந்தேன்."

வேறு நாளாக இருந்தால் சிசிலி சண்டைக்குப் போயிருப்பாள். இன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். லயத்துப் பிள்ளைகள் பார்த்தால் ஒரு வாரத்துக்குக் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

"அவ என்னைய அத்தைன்னு கூப்பிடாமப் போயிட்டா என்னங்க செய்வேன்?"

ஜோர்ஜுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "தெரியல புள்ள" என்றார். பிறகு, "சொல்லாமயே இருந்தா மட்டும், அவ அத்தைன்னு கூப்பிடுறப்ப ஒனக்குக் காது கூசாதா?" என்று கேட்டார்.

இருவரும் இறங்கினார்கள்.

● ● ●

வீரம்மா வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து. உள்ளே சாம்பிராணிப் புகை. ஜோர்ஜ் சொன்னபடியே வாசலோடு நின்றுகொண்டார்; சிசிலியை வீரம்மா கதவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி! ஒங்க பேத்தி பண்ற அட்டகாசம் கேட்டுச்சா? மேட்டு லயம் வரைக்கும் கேக்குமே. அச்சு அசல் ஒங்க தொண்டை."

"எங்க தொண்டையா? தோட்டத்தையே மேய்க்கிற கண்டாக்கையாவே தீமிதி அன்னைக்கு ஒங்க சத்தத்துக்குப் பயந்து பங்களாவுக்குள்ள போயிட்டாராமே?"

"அது ஆத்தாளோட சத்தம்! இருங்க, புள்ளையக் குளிப்பாட்ட வெந்நி வச்சிருக்கேன். பாத்துட்டு வர்றேன். வெள்ளிக்கெழம கோயில்ல வச்சுப் பேரு வைக்கிறோம், முத்துமாரின்னு. வேண்டுதல் சம்பந்தி. புள்ள பொழச்சா ஆத்தா பேரை வைக்கிறேன்னு அன்னைக்கே காசு முடிஞ்சு வச்சிட்டேன். நீங்க தட்டுத் தூக்கணும், சொல்லிப்புட்டேன்."

சிசிலி தலையாட்டினாள். வீரம்மா பின்பக்கத்து அடுப்படிக்குப் போனாள்.

தனுஜா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, மடியில் பிள்ளை. பிள்ளை அழுது முடித்து, இப்போது எல்லோரையும் மன்னித்துவிட்ட முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க அத்த. ஒக்காருங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

"இரு தாயி. நான் முதல்ல சொல்லிர்றேன். அப்பறம் நீ என்ன வேணும்னாலும் சொல்லு, அடிக்கிறதுன்னாலும் அடி."

சிசிலி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஆம்புலன்ஸ், போத்தல், நெற்றி, வார்த்தை, எல்லாம். சாகப்போகிற பிள்ளை என்று நினைத்ததையும், பிழைத்த பிறகு சொல்லப் பயந்ததையும் சொன்னாள். மாதாவைச் சாக்காகச் சொல்லவில்லை. பாதரையும் சொல்லவில்லை.

"ஒன்னையக் கேக்காம ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்க மாட்டேன்னு சொல்லிட்டுத் தெளிச்சிட்டேன். வாக்கு மீறிட்டேன் தனுஜா."

தனுஜா மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையின் சட்டை நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

"ஆம்புலன்ஸ் வந்து நின்னதுக்கு முந்தியா அத்த, பிந்தியா?"

"பிந்தி. ஒன்னைய நாற்காலியில ஒக்கார வச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அப்ப ஒங்களது ரெண்டாவது."

சிசிலிக்குப் புரியவில்லை.

"முதல் தண்ணி நான் ஊத்துனேன்" என்றாள் தனுஜா. "டொக்டர் கண்டிக்கு அனுப்பணும்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போனாரு. நீங்க மாமாவைக் கூப்பிட வெளிய ஓடுனீங்க. அப்ப ஊத்துனேன். அதே போத்தல்தான். நீங்க கொண்டாந்து வச்ச தண்ணிதான். மாமா பூசணிக்காய்க்குச் சொன்னத அப்படியே சொன்னேன். யாரு ஊத்துனாலும் செல்லும்னு பாதர் சோலைமலை மாமாகிட்டச் சொன்னாரே, அது ஞாபகம் வந்துச்சு."

நெற்றியும் முடியும் ஏற்கெனவே ஈரமாக இருந்தன. வேர்வை என்று சிசிலி நினைத்தாளே. வேர்வை இல்லை.

"நீ எதுக்குத் தாயி...? ஒனக்கு எங்க சாமி..."

"எனக்கு ஒங்க சாமியத் தெரியாது அத்த. ஒங்களத் தெரியும்." தனுஜா பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா, தண்ணி ஊத்தாம விட்டுட்டோமேன்னு சாகுற வரைக்கும் ஒங்களுக்கு மனசு வேகும். எனக்குக் குடுத்த வாக்குக்காக வாயத் தொறக்காமலே வேகுவீங்க. அதான் நானே ஊத்திட்டேன். நீங்க வாக்கக் காப்பாத்துவீங்கன்னு நெனச்சுத்தான் அத்த ஊத்துனேன்."

சிசிலிக்கு வாழ்க்கையில் எத்தனையோ அடி விழுந்திருக்கிறது. இப்படி ஒரு அடி விழுந்ததில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சம்மதம் குடுத்திருப்பேனே" என்றாள் தனுஜா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "பக்கத்துலதானே இருந்தேன்? நாற்காலியிலதானே ஒக்காந்திருந்தேன்?"

"ஆமா தாயி. பக்கத்துலதான் இருந்த."

இருவரும் அழுது ஓய்ந்தார்கள். அழுகை ஓய்ந்ததும் பிள்ளை கையைக் காலை உதறி நெளிந்தது. தனுஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எனக்குக் கோவம்தான். சீக்கிரம் போகாது" என்றாள். "இந்தாங்க, புள்ளையப் புடிங்க. கை மரத்துப் போச்சு."

சிசிலி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். கோபம் போகாது என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கையில் கொடுக்கிற மருமகளை அவளுக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கை காலியில்லை. குனிந்து, அந்த நெற்றியை முகர்ந்தாள்.

"இதைச் சொல்லத்தான் காலையில வரச் சொல்லி அனுப்புனியா?"

"ஆமா. ஒங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

சிசிலி கண்ணைத் துடைத்தாள். இத்தனை அழுகைக்கு நடுவிலும் சேனைத் தலைவி சேனைத் தலைவிதான். முதல் தண்ணீர்தான் செல்லும், இரண்டாவது வெறும் குளிப்பாட்டல் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அவசரத்தில் வைத்த பெயரும் அதோடு போயிற்று.

"நீ ஊத்தயில என்ன பேரு சொன்ன?"

தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு சொல்லணும்னு மாமா அன்னைக்குக் காட்டுனாங்கள்ல. அந்த நேரத்துல எனக்கு என்ன வேதக்காரப் பேரு தெரியும்? யோசிக்க நேரமா இருந்துச்சு?" பாயின் கோரையைப் பிய்த்தாள். "ஒங்க பேரத்தான் சொன்னேன். சிசிலின்னு."

பின்பக்கக் கதவருகே சட்டி தரையில் உட்கார்கிற சத்தம் கேட்டது.

வீரம்மா நின்றிருந்தாள். சட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கரித்துணி இன்னும் அவள் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்பது முகத்தில் தெரியவில்லை.

"யாருக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல சிசிலியின் வாய் தானாகவே திறந்தது. எந்தக் கூட்டத்திலும் முதலில் எழுந்து பேசிப் பழகிய வாய். திறந்த வாயை மூடிக்கொண்டாள். மடியிலிருந்த பேத்தியைப் பார்த்தாள். பிறகு மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லட்டுமா தாயி, இல்ல நீ சொல்றியா?" என்று கேட்டாள்.